மார்ஷல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பிகளுக்கு (ஆகஸ்ட் 2025)

அன்புத் தம்பிகளே,

வரும் ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியோடு உங்கள் முதல் ஆட்டம். 90,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் அது. அந்தச் சத்தத்துக்குள் இறங்கப்போகும் உங்களில் பாதிப்பேருக்கு மேல் மார்ஷல் இருக்கும் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்து ஹண்டிங்டனுக்கு இந்த வருடம்தான் வந்தவர்கள். அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டுப் போன ஒரு தமிழன் நான். எனக்கு மனம்விட்டுப் பேச வருவது என் மொழியில்தான், அதனால் இதில் எழுதுகிறேன்.

போன டிசம்பரில் நடந்தது உங்களுக்கே தெரியும். டிசம்பர் 7 அன்று லூசியானாவை 31-3 என்று வீழ்த்தி, நம் பல்கலைக்கழகம் ஆடும் சன் பெல்ட் கூட்டமைப்பின் பட்டத்தை முதன்முறையாக வென்றோம். அடுத்த சில நாட்களில் கோச் சார்லஸ் ஹஃப் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார். வீரர்கள் வரிசையாக, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புவோர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். ஆட ஆள் போதாமல் பருவ முடிவில் ஆட அழைக்கப்பட்டிருந்த இண்டிபெண்டன்ஸ் கிண்ண ஆட்டத்திலிருந்தே மார்ஷல் விலகியது. போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இருபது வயதில் நல்ல வாய்ப்பு வந்தால் யாரும் போவார்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆள் இல்லை என்று ஆடாமல் இருக்கும் ஊர் அல்ல அது.

ஏன் என்று சொல்கிறேன். 1970 நவம்பர் 14. ஈஸ்ட் கரோலினாவிடம் 17-14 என்று தோற்றுவிட்டு அணி விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. மழையும் மூடுபனியுமான இரவு. ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே குன்றுப்பக்கம் மரங்களில் மோதி விமானம் எரிந்தது. 75 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 37 வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலி, துணைப் பயிற்சியாளர்கள், விமான ஊழியர்கள், அணியோடு போயிருந்த ஊர்ப் பெரியவர்கள். தாயையும் தகப்பனையும் ஒரே இரவில் இழந்த பிள்ளைகள் அந்த ஊரில் இருந்தார்கள். ஆறு வீரர்களை அடையாளமே காண முடியவில்லை. அந்த ஆறு பேரும் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். மேட்டில் இருக்கும் அந்த இடத்திலிருந்து பார்த்தால் கீழே ஊர் தெரியும்.

ஃபுட்பாலே வேண்டாம் என்று அப்போது பேச்சு எழுந்தது. மாணவர்கள் விடவில்லை. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. அதனால்தான் ரெஜி ஆலிவர் போன்ற முதலாண்டுப் பையன்கள் அந்த விமானத்தில் ஏறவில்லை. 1971-இல் புதிதாய்ச் சேர்ந்த பையன்களும் ஆடலாம் என்று மார்ஷலுக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். புதிய கோச் ஜாக் லெங்யல் இந்த இரண்டு வருடத்துப் பையன்களையும் வேறு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து ஒரு அணி கட்டினார். போட்டிப் பல்கலைக்கழகமான வெஸ்ட் வர்ஜீனியாவின் கோச் பாபி பௌடன் தன் ஆட்டத் திட்டங்களையும் படச்சுருள்களையும் எடுத்துக் கொடுத்தார். எதிராளி வீட்டிலிருந்து விதைநெல் வந்த மாதிரி.

அந்த செப்டம்பர் 25, சொந்த ஊரில் முதல் ஆட்டம், சேவியர் அணியோடு. கடைசி ஆட்ட நகர்வு. ஆலிவர் பந்தை டெர்ரி கார்ட்னருக்குத் தள்ளிவிட்டார், கார்ட்னர் எல்லைக் கோட்டைத் தாண்டினார். 15-13 என்று வெற்றி. அந்தப் பருவத்தில் மொத்தமே இரண்டு வெற்றிதான், எட்டுத் தோல்வி. 1984 வரைக்கும் தோல்வியைவிட வெற்றி கூடுதலான பருவம் ஒன்றுகூட வரவில்லை. அத்தனை வருடமும் ஊர் அரங்கத்துக்கு வந்துகொண்டேதான் இருந்தது. பிறகு வந்த 1992, 1996 தேசியப் பட்டங்களை, இங்கே ஆடிப் பெரும் பெயர் எடுத்த ராண்டி மாஸையும் சாட் பென்னிங்டனையும் நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-இல் பெரும் பெயர் பெற்ற நோட்டர் டேம் அணியை அவர்கள் மண்ணிலேயே 26-21 என்று கவிழ்த்ததையும்தான். ஆகவே ஜார்ஜியா என்றதும் மிரள வேண்டாம்.

மாணவர் மையத்தின் முன்னால் உள்ள நீரூற்றை இதற்குள் பார்த்திருப்பீர்கள். ஹாரி பெர்டோயா செய்த உலோகச் சிற்பம், 1972-இல் திறந்தது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன், பல மாதம் அது வெறும் நீரூற்று என்றே நினைத்துக்கொண்டு. முதல் நவம்பர் 14 அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள், பெயருக்கு ஒரு பூ வைத்தார்கள். 75 பெயர் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு தண்ணீரை நிறுத்தினார்கள். மேலிருந்து விழுவது மெலிந்து, கம்பிகளில் சொட்டி, நின்றது. அதுவரை தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே நின்றபிறகுதான் காதுக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். வசந்தம் வரும்வரை அந்த ஊற்று ஓடாது. எங்கள் ஊர்ப்பக்கம் போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் அவன் பட்ட விதமும் பொறித்து, பூச் சூட்டுவார்கள். நடுகல் என்போம். அன்று எனக்கு அந்த ஊற்று நடுகல்லாகத்தான் தெரிந்தது.

உங்கள் கோச் டோனி கிப்ஸன் இதே வெஸ்ட் வர்ஜீனியா மாநில மண்ணில் பிறந்தவர். அவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களிடம்தான் ஒன்று கேட்கிறேன். ஏதென்ஸுக்குக் கிளம்புவதற்குள் அந்த 75 பேரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் இடத்தில் ஆடியவராக இருக்கலாம், உங்கள் மாநிலத்துக்காரராக இருக்கலாம். எந்த ஊர், எத்தனாவது வருடம் படித்தார், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நூலகத்தில் கேளுங்கள், ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். சொல்லத் தயங்கமாட்டார்கள்.

அடுத்த வருடம் நீங்கள் வேறு சட்டை போட்டிருக்கலாம். அது உங்கள் விருப்பம். இந்த வருடம் நவம்பர் 14 வெள்ளிக்கிழமை வருகிறது. அன்று பெயர்களை வாசிக்கும்போது, அவற்றில் ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்தவருடைய பெயராக இருக்கட்டும்.

அன்புடன்,
மார்ஷலின் பச்சைச் சட்டையை இன்னும் மடித்து வைத்திருக்கும் ஒரு பழைய மாணவன்