மேடையில் வளர்ந்த பாட்டுக்கு ஸ்டூடியோ அளவுகோல் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராக் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு எனத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஸ்டூடியோ ஆல்பம் வீதம் பரிந்துரைத்திருக்கும் கட்டுரையாளர், நேரடி நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகள் ஏற்கெனவே ரசிகர்களாகிவிட்டவர்களுக்கே உரியவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். பீட்டில்ஸைப் பொறுத்தவரை இதில் எனக்கு மறுப்பில்லை. 1966 ஆகஸ்டோடு சுற்றுப்பயணங்களை முடித்துக்கொண்டு, அதன்பின் மேடையில் வாசிக்கவே முடியாத பாடல்களை ஸ்டூடியோவில் உட்கார்ந்து உருவாக்கியவர்கள் அவர்கள். ஆனால் அதே அளவுகோலைக் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கும் வைத்து, 1977-இல் வெளிவந்த 'டெராபின் ஸ்டேஷன்' ஆல்பத்தை முதலில் கேட்கச் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்கெஸ்ட்ராவும் கூட்டுப்பாடகர்களும் மேலே பூசப்பட்ட அந்த ஆல்பத்தில் தொடங்குகிறவர், இந்தக் குழுவைப் பற்றி மற்றவர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள் என்று புரியாமல் அத்தோடு நிறுத்திக்கொள்ளவே வாய்ப்பு அதிகம்.

கலிபோர்னியாவில் 1965-இல் தொடங்கி, 1995-இல் அதன் கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா மறையும் வரை இயங்கிய இக்குழு வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் 13. நடத்திய நிகழ்ச்சிகளோ ஏறத்தாழ 2,300. இந்தக் கணக்கை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. அவர்களுடைய பாடல்கள் எங்கே முழுமை பெற்றன என்பதே கேள்வி. 'டார்க் ஸ்டார்' என்ற பாடல் 1968-இல் சிறு இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்தைக்கூட எட்டவில்லை; யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசிக்கப்பட்டு, அவ்வாண்டு இறுதியில் 'லைவ்/டெட்' ஆல்பத்தில் இடம்பெற்ற அதே பாடல் 23 நிமிடங்கள் ஓடுகிறது. மூன்றரை நிமிட இசைத்தட்டுக்குள் அடக்கப்பட்ட தோடியையும், கச்சேரியில் வித்வான் நிதானமாக விரித்துப் பாடிய தோடியையும் கேட்டிருக்கும் நம் வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாடல் வரிகள் இங்கே பற்றிக்கொள்ள ஒரு கொம்பு மட்டுமே. மற்றதெல்லாம் கார்சியாவின் கிதாரும் ஃபில் லெஷின் பேஸ் கிதாரும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு அந்த நேரத்தில் கண்டடைந்தவை.

அந்த ஆல்பம் வெளிவந்த சூழலும் கவனிக்கத்தக்கது. அதற்குச் சற்று முன் வந்த ஸ்டூடியோ ஆல்பத்தை, ஒலிகளை 16 தனித்தனித் தடங்களில் பதியக்கூடிய, புதிதாகக் கைக்கு வந்த 16 டிராக் பதிவுக் கருவியின் மோகத்தில் முதலிலிருந்து மறுபடி பதிவு செய்து, வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் பெருங்கடன் ஏற்படுத்திக்கொண்டது குழு. கடன் சுமையைக் குறைக்க, செலவு குறைந்த வழியாகக் கிடைத்தது நேரடிப் பதிவு. அப்படி வந்ததுதான் இன்றும் பலர் அவர்களுடைய சிறந்த ஆல்பங்களில் ஒன்றாகக் கருதும் இசைத்தட்டு.

இன்னொரு செய்தியையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. 'ஜாக் ஸ்ட்ரா', 'டென்னஸி ஜெட்', 'பிரவுன் ஐட் விமன்' ஆகியவை இக்குழுவின் அடையாளமாகிவிட்ட பாடல்கள். இவற்றின் ஸ்டூடியோ வடிவத்தைக் குழு வெளியிடவே இல்லை. 1972 ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் பதிவான 'யூரோப் '72' என்ற நேரடி ஆல்பத்தில்தான் முதன்முதலில் வந்தன. 'பெர்த்தா', 'வார்ஃப் ராட்' ஆகிய பாடல்களும் 1971-இல் வந்த நேரடி ஆல்பத்தின் வழியாகவே ரசிகர்களைச் சென்றடைந்தன. ஸ்டூடியோ ஆல்பங்களை மட்டும் வாங்கி அடுக்குகிறவரின் அலமாரியில் இவற்றில் ஒன்றுகூட இராது.

கட்டுரையாளருக்கு நான் பரிந்துரைக்க விரும்புவது, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் 1977 மே 8 அன்று நடந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' 1974-இல் ஸ்டூடியோவில் பதிவானபோது நான்கு நிமிடச் சொச்சம். 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்டூடியோ ஆல்பத்தில் இடம்பெற்றது. அதுவும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கார்னெலில் இவ்விரண்டும் இடைவெளியின்றி இணைந்து இருபத்தைந்து நிமிடங்கள் போல நீள்கின்றன. கேட்க வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் பாடலின் வரிகள் முடிந்தபின்னும் கிதார் அதன் சுவடுகளையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க, அடியில் லெஷின் பேஸ் கிதார் மெல்ல அடுத்த பாடலின் நடைக்கு மாறிவிடுகிறது. இரண்டு டிரம்ஸ் வாசிப்பாளர்களும் அதைக் கவனித்துத் தங்கள் துள்ளலைத் தளர்த்திக்கொள்கிறார்கள். எந்த நொடியில் ஒரு பாடல் முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று எத்தனை முறை கேட்டாலும் விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. அதன்பின் வருவது இரண்டே இரண்டு கார்டுகளில் (chord, ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) நிற்கும் பாடல். ஸ்டூடியோவில் அது வறுமையாகத் தெரிகிறது; இங்கே, கார்சியா அவசரமே படாமல் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போவதற்கு அந்த இரண்டு கார்டுகளே இடம் தருகின்றன.

இப்பதிவு நமக்குக் கிடைத்ததற்குக் காரணமானவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர். அவர் கிடங்கில் வைத்திருந்த நாடாக்கள், வாடகை கட்டப்படாததால் 1986-இல் ஏலத்துக்குப் போய், பலர் கைக்கு மாறின. ரசிகர்களிடையே பிரதிகளாகவே உலவிய இந்த நிகழ்ச்சி, முறையான வெளியீடாக வந்தது 2017-இல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத் தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் இதைச் சேர்த்திருந்தது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ரசிகர்களைக் குழு விரட்டவில்லை என்பதும், 1984 அக்டோபர் முதல் அவர்களுக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது என்பதும் தெரிந்தவைதான். விற்காமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. இங்கும் சபாக் கச்சேரிகளைப் பதிந்து, கேசட்டின் மேல் தேதியும் பக்கவாத்தியக்காரர் பெயரும் எழுதித் தமக்குள் மாற்றிக்கொண்ட ரசிகர்கள் இருந்தார்கள் அல்லவா?

நேரடிப் பதிவு என்றாலே மாசற்ற உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. 'யூரோப் '72' ஆல்பத்தில் கேட்கும் குரல்களில் பெரும்பகுதி, ஊர் திரும்பியபின் ஸ்டூடியோவில் மறுபடி பாடிச் சேர்க்கப்பட்டவை. 2011-இல் அந்தப் பயணத்தின் 22 நிகழ்ச்சிகளும் 73 குறுந்தட்டுகளாக வெளிவந்தபோது, மெருகிடாத குரல்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இவர்கள் மேடையில் சுதி தவறுவார்கள், வரிகளை மறப்பார்கள். மோசமான இரவுகளுக்கும் குறைவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் கார்சியாவின் உடல்நிலை குன்றியிருந்த காலத்துப் பதிவுகள் சிலவற்றை நான் மீண்டும் கேட்க விரும்பமாட்டேன்.

ஸ்டூடியோவுக்கு உரிய பெருமையையும் கொடுத்துவிட வேண்டும். 1970-இல் வெளிவந்த 'அமெரிக்கன் பியூட்டி'யை எந்த நேரடிப் பதிவுக்காகவும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். மூன்று குரல்கள் ஒத்திசைந்து பாடும் பாங்கும், 'ரிப்பிள்' பாடலில் டேவிட் கிரிஸ்மனின் மாண்டலின் பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டரின் வரிகளுக்கு இடையில் நுழைந்து விலகும் நேர்த்தியும் ஸ்டூடியோவின் அமைதியில் மட்டுமே கைகூடியவை. நான் குறைசொன்ன 'டெராபின் ஸ்டேஷன்' பதிவின்போதே தயாரிப்பாளர் கீத் ஓல்சன் குழுவைக் கடுமையாக ஒத்திகை செய்ய வைத்தார் என்றும், அவ்வாண்டு மே மாத நிகழ்ச்சிகளில் தெரியும் கட்டுக்கோப்பு அதன் பலனே என்றும் ரசிகர்கள் பலர் சொல்வதுண்டு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் அந்தப் பலனைக் கேட்க, ஆல்பத்தை விட்டுவிட்டு மே மாத நிகழ்ச்சிகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. குழுவே இதை உணர்ந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். 1987-இல் அவர்களுக்குப் பெரும் வணிக வெற்றியைத் தந்த 'இன் தி டார்க்' ஸ்டூடியோ ஆல்பத்தின் அடிப்படைப் பதிவுகளை, பார்வையாளர்கள் இல்லாத ஓர் அரங்கின் மேடையில், நிகழ்ச்சிக்கு நிற்பதுபோலவே நின்று வாசித்துத்தான் முடித்தார்கள். அதிலுள்ள 'டச் ஆஃப் கிரே' அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மேடையில் வாசிக்கப்பட்டு வந்த பாடல்.

ஆகவே, இக்கட்டுரை தொடராக வரவிருப்பதால், ஒரு வேண்டுகோள். கிரேட்ஃபுல் டெட் போன்ற குழுக்களைப் பரிந்துரைக்கும்போது ஆல்பத்தின் பெயரோடு நிற்காமல், நிகழ்ச்சியின் தேதியையும் அரங்கின் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரே பாடலுக்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் இருக்கும் இடத்தில், தேதி இல்லாத பரிந்துரையால் புதிய வாசகருக்குப் பயன் இல்லை. இக்குழுவுக்கு என் வரிசை: முதலில் 'யூரோப் '72', அடுத்து கார்னெல், அதன்பின் 'அமெரிக்கன் பியூட்டி'. 'டெராபின் ஸ்டேஷன்' ஆல்பத்தை அதற்குப் பிறகு கேட்கலாம், அவசரமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.