அந்த மாடு தூங்கவில்லை

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுவது. தூக்குப்பாலத்தில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, வழக்கம்போல. இதை எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டும். போனில் பேச முடியாத சங்கதி இது.

நேற்று அமெரிக்காவில் அந்தக் கொலராடோ டிரெயில் மலைநடைக்கு நடுவே லேக் சிட்டியிலிருந்து பேசினாயே, ஸ்நோ மேசா மேட்டில் இடிமழையில் மாட்டிக்கொண்ட கதை. 12,000 அடிக்கு மேலே, ஒதுங்க ஒரு மரமில்லாத ஐந்து கிலோமீட்டர் புல்வெளி. பாதி வழியில் வானம் கறுத்து, கை மயிரெல்லாம் எழும்பி நின்றது என்றாய். படுக்கிற பாயை மடித்துப் போட்டு, அதன்மேல் காலை ஒட்டி வைத்துக் குந்தியிருந்தேன் என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "ராமக்கல்மெட்டுல நீங்க சொல்லிக் கொடுத்ததுதாம்ப்பா காப்பாத்துச்சு" என்று ஒன்று சொன்னாய் பார், அதற்கப்புறம் எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

அப்போது உனக்கு ஏழு வயது. வீரபாண்டித் திருவிழாவுக்கு அம்மா முந்தின நாளே போய்விட்டாள், அக்கினிச்சட்டி எடுக்க. நாம் இருவரும் மறுநாள் போவதாக ஏற்பாடு. விடிந்தால் இந்தப் பக்கம் கேரளத்தில் ஹர்த்தால், கடையடைப்பு. ஜீப் இல்லை, பஸ் இல்லை. பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். சட்டி எடுக்கும்போது புருஷனும் பிள்ளையும் பக்கத்தில் இல்லையே என்று பேச்சு வருமே என்ற வீம்பு எனக்கு. மலை விளிம்பிலிருக்கிற ராமக்கல்மெட்டு வரை நடந்து, ஒற்றையடிப் பாதையில் தமிழ்நாட்டுப் பக்கம் கோம்பைக்கு இறங்கிவிட்டால் அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கிளம்பும்போதே பதினொன்றாகிவிட்டது.

மேட்டுக்குக் கீழே, சாத்திய கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு சேட்டன், "இப்போ இறங்கண்டா, இடி உண்டு" என்றார். உனக்கு நினைவிருக்காது. நான் சிரித்துவிட்டு நடந்தேன். முன்னால் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால்தானே தெரியும், மேற்கே எருமைக் கூட்டம் மாதிரி கறுத்து நிற்பது.

மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணச் சொன்னேனே, அது உனக்கு விளையாட்டு. மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முதல் தடவை நீ இருபது வரை எண்ணினாய். ஏழு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. முப்பதுக்குக் கீழே வந்தாலே எங்காவது கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி கழியும்வரை வெளியே தலை காட்டக் கூடாது. நான் என்ன செய்தேன்? "அடுத்தது எத்தனை வருது பார்ப்போம்" என்றேன். பன்னிரண்டு வந்தது. அப்புறம் ஐந்து.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மொட்டைப் புல்மேட்டில் ஒரே ஒரு மரம் நின்றது. அதன் அடியில் ஒரு மாடு கட்டியிருந்தது. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் ஓடியது அந்த மரத்துக்குத்தான், தாயி. முப்பது வருஷம் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய், குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி எர்த்து போட்ட வயர்மேன் ஓடியது ஒற்றை மரத்தடிக்கு! பாதியில் உன் செருப்பு வார் அறுந்தது. நீ நின்று அழ ஆரம்பித்தாய், புதுச் செருப்பு என்று. எனக்கு ஆத்திரம். திட்டிக்கொண்டே குனிந்து அதைப் பொறுக்கினேன். நிமிர்வதற்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம். சத்தம் காதில் விழுந்ததா, நெஞ்சில் விழுந்ததா தெரியவில்லை. மரத்தில் மேலிருந்து கீழே பட்டை உரிந்து தொங்கியது, கரும்பைச் சீவியது மாதிரி.

அதற்கப்புறம்தான் எனக்குத் தொழில் ஞாபகம் வந்தது. பையைக் கீழே போட்டு, காலை ஒட்டி அதன்மேல் குந்தி, உன்னை என் பாதத்தின்மேல் நிறுத்திக் கட்டிக்கொண்டேன். நீ பாடமாக நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். நம்மைக் காப்பாற்றியது உன் செருப்பு.

மழை விட்டு அந்தப் பக்கமாகப் போகும்போது "மாடு தூங்குதாப்பா?" என்றாய். "ஆமா, அசந்து தூங்குது" என்று உன் முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அது தூங்கவில்லை. உடம்பில் தீய்ந்த அடையாளம்கூடத் தெரியவில்லை, நாலு காலும் விறைத்து நீட்டிக் கிடந்தது. கயிறு அப்படியே இருந்தது.

மரத்தில் இறங்கியது மண்ணில் பரவும். லைன் அறுந்து விழுந்தால் காலை அகட்டி நடக்காதே என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்வோம். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே கரண்ட் ஓடும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் எவ்வளவு தூரம், நீயே பார். 2016இல் நார்வேயில் ஒரு மலைமேட்டில் 323 கலைமான்கள் இடி விழுந்து ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. பேப்பரில் படித்த அன்றைக்கு அந்த மாடுதான் கண்ணுக்குள் வந்தது.

அதனால் குந்தி உட்காருவதைப் பெரிய வித்தையாக எண்ணாதே. போக்கிடமே இல்லாதவன் கடைசியாகச் செய்வது அது. நேராக மேலே விழுந்தால் குந்தினாலும் ஒன்றுதான்.

அடுத்து நீ ஏறப்போவது 13,271 அடி என்றாய், அந்த நடையிலேயே அதுதான் உச்சியாமே. அங்கே மத்தியானத்துக்குள் மரம் இருக்கிற இடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பார்களாமே. இங்கேயும் அதேதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை ஜாக்கிரதை என்று கேரளத்தில் வருஷா வருஷம் சொல்கிறார்கள். காலை வெயிலில் மண் சூடாகிறது, மத்தியானம் மேகம் கட்டுகிறது. ஊர் எதுவானால் என்ன? இருட்டோடு கிளம்பு. பதினொரு மணிக்கு மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே பூத்தால், உச்சி பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் திரும்பு. கூடாரத்துக்குள் புகுந்துகொண்டால் போதும் என்று நினைக்காதே, அது துணி.

கையிலிருக்கிற கம்பு மின்னலை இழுக்கும் என்று உன் சிநேகிதி பயந்தாள் என்றாயே. இரும்பு இழுப்பதில்லை, உயரம்தான் இழுக்கும். ஆனாலும் கீழே வைத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் ஒட்டி உட்காராதீர்கள், ஐம்பதடி தள்ளி இருங்கள். ஒருத்தி விழுந்தால் எழுப்ப இன்னொருத்தி வேண்டுமே. கரண்ட் கம்பியைப் பிடித்திருப்பவனைத் தொடாதே என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். இடி விழுந்தவர்களுக்கு அது பொருந்தாது, உடம்பில் கரண்ட் தங்காது. மூச்சு இல்லையென்றால் உடனே தொட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும்.

எந்த மணிக்குக் கிளம்புகிறாய் என்று எழுது. சிக்னல் வந்ததும் ஒரு வரி போடு.

அம்மாவிடம் உனக்கு நல்ல மழை என்று மட்டும்தான் சொன்னேன். இன்று காலையில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். வருகிற சித்திரைக்கு உன் பேரில் சட்டி எடுக்கிறாளாம். எப்படித் தெரிந்ததோ. முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி எடுப்பாய் என்று கேட்டேன், பதில் இல்லை. இந்தத் தடவை ஹர்த்தால் என்றால் மறுநாள் போவோம்.

அன்புடன்,
அப்பா