நேராக அறுத்தால் மட்டும் போதாது, ஒரே அளவாகவும் அறுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் புது வீடு கட்டுவோரும், ஏற்காட்டில் பழைய பங்களாக்களைப் புதுப்பிப்போரும் சமையலறை அலமாரி, துணி அலமாரி, டிராயர் என்று மர வேலைக்கு இன்று செலவிடும் தொகை சிறியதன்று. ஆனால் அந்த வேலையின் தரம், எந்த பிளைவுட் போட்டார்கள், எந்த மைக்கா ஒட்டினார்கள் என்ற பேச்சோடு முடிந்துவிடுகிறது. கடைக்குப் போய் நீரைத் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று கவனமாகப் பார்த்து வாங்கும் வீட்டுக்காரர்கூட, அந்தப் பலகையை எந்தக் கருவியால் எப்படி அறுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. அம்மாப்பேட்டையில் தச்சுப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், ரெயிலின் மேல் ஓடும் மின் ரம்பமான ட்ராக் சாவோடு பொருத்திக்கொண்டு, பலகைகளை ஒரே அகலத்தில் அறுக்க உதவும் பேரலல் கைடு என்னும் துணைக்கருவியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாக நம் ஊர்த் தச்சர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பகுதியில் வேலை நடக்கும் பெரும்பாலான வீடுகளில் பிளைவுட் அறுக்கப் பயன்படுவது கல் அறுக்கும் கட்டர் மிஷின்தான். அதில் நான்கு அங்குல மரப் பிளேடை மாட்டி, பென்சில் கோட்டின் மேல் கைப்போக்கில் தள்ளுகிறார்கள். நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும் அந்தக் கருவியில், அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்காமல் தடுக்கும் பிளவுக் கத்தி கிடையாது. வேலைக்கு இடைஞ்சல் என்று மூடியையும் பல இடங்களில் கழற்றிவிடுகிறார்கள். விரல் போன தச்சரைத் தெரியாத பட்டறை இந்த ஊரில் இருக்காது என்றே நினைக்கிறேன். இந்த ஆபத்துக்காகவும், கோடு வளையாமல் இருப்பதற்காகவும்தான் சிலர் இப்போது ட்ராக் சாவுக்கு மாறியிருக்கிறார்கள். அந்த மாற்றம் மனமார வரவேற்கத்தக்கது.

ட்ராக் சா அலுமினிய ரெயிலின் மேல் ஓடுவது. 160 அல்லது 165 மில்லிமீட்டர் பிளேடு உறைக்குள் ஒளிந்திருந்து, அழுத்தும்போது மட்டுமே கீழே இறங்குகிறது. பிளவுக் கத்தி உள்ள மாதிரிகளும் உண்டு. ரெயிலின் ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். முதன்முறை ஓட்டும்போது பிளேடு அந்தப் பட்டையைத் தன் தடத்துக்கு ஏற்பச் சீவிவிடுவதால், அதன் பிறகு பட்டையின் விளிம்பே அறுக்கும் கோடாகிவிடுகிறது. மைக்கா ஒட்டிய பலகையானாலும் ஓரத்தில் சில்லு பெயர்வது மிகக் குறைவு. இவ்வளவு வசதி இருந்தும், ரெயில் மட்டும் தருவது நேரான வெட்டைத்தான். பத்துப் பலகைகளை ஒரே அகலத்தில் அறுக்க வேண்டுமென்றால், பத்து முறையும் இரு முனைகளிலும் டேப் வைத்து அளந்து, பென்சிலால் குறித்து, குறியில் ரெயிலைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் எந்தப் பக்கத்தில் வைத்தோம், டேப்பின் கொக்கி எவ்வளவு ஆடியது என்பதில் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று வேறுபாடு நுழைந்துவிடுகிறது.

இந்த ஒரு மில்லிமீட்டரில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல் கணக்கில் அளந்து பழகியவர்களுக்கு, ஒரு நூலில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றாது. ஆனால் டிராயர் ஓடுவதற்கு இன்று எல்லோரும் இருபக்கமும் போடும், இழுத்தால் நீளும் டெலஸ்கோப்பிக் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர் இடைவெளி அதற்கு வேண்டும். டிராயர்கள் அமரும் அலமாரிப் பெட்டியின் கீழ்ப்பலகை 450 மில்லிமீட்டரும் மேல்பலகை 448 மில்லிமீட்டருமாக இருந்தால், இரு பக்கப் பலகைகளும் மேலே போகப் போக நெருங்குகின்றன. அடி டிராயர் சுகமாக ஓடும். மேல் டிராயர் இறுகும். தச்சர் டிராயரை இழைப்புளியால் சீவுவார், அல்லது சேனலுக்குப் பின்னால் மைக்காத் துண்டை வைத்துச் சமாளிப்பார். ஆறு மாதத்தில் சேனலின் உருளைக் குண்டுகள் தேய்ந்து டிராயர் இழுக்க வராது. வீட்டுக்காரர் சேனல் கம்பெனியைத் திட்டுவார். குற்றம் சேனலில் இல்லை, பலகை அறுத்த விதத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெட்டி வேலையில் பலகைகள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதே முதன்மையானது. டேப் காட்டும் எண்ணோடு ஒத்துப்போவது அதற்கு அடுத்துத்தான். 450 என்று நினைத்து அறுத்தது 450.5 ஆகிவிட்டாலும், கீழ்ப்பலகை, மேல்பலகை, நடுத்தட்டு மூன்றும் அதே 450.5 ஆக இருந்தால் பெட்டி கோணாது. மூலைவிட்டம் இரண்டும் சமமாக வரும். ஷட்டர் எனப்படும் கதவு சரியாக உட்காரும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்வோர் வெள்ளிக் கம்பியை ஒரே துளையின் வழியே இழுத்து ஒரே கனத்துக்குக் கொண்டுவருவதைப் போல, பலகைக்கும் அளவு கருவியிலேயே நிலைத்து நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணாலும் கையாலும் புதிதாகத் தேடப்படக் கூடாது.

பேரலல் கைடு செய்வது இதைத்தான். ரெயிலின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், இரு முனைகளுக்கு அருகே இரண்டு அலுமினியக் கைகள் செங்குத்தாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு கையிலும் மில்லிமீட்டர் அளவுகோலும், நகர்த்தி இறுக்கக்கூடிய ஒரு தடுப்பும் உண்டு. இரண்டு தடுப்புகளையும் வேண்டிய அளவில் இறுக்கிவிட்டு, அவை பலகையின் நேரான ஓரத்தைத் தொடும்வரை ரெயிலை இழுத்து வைத்தால் போதும். ஓரத்திலிருந்து அறுக்கும் கோடு அந்தத் தூரத்தில் வந்து நிற்கும். நமக்கு வேண்டிய துண்டின் மேலேயே ரெயில் அமர்வதால், பிளேடு தின்னும் இரண்டு மில்லிமீட்டர் மிச்சப் பலகையின் பக்கம் போய்விடுகிறது. அதைக் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. ஒன்றை அறுத்ததும் ரெயிலைத் தூக்கி, புதிதாகக் கிடைத்த ஓரத்தில் தடுப்பைத் தொடவைத்து அடுத்ததை அறுக்கலாம். பென்சிலுக்கே வேலையில்லை. ஆனால் மொத்தக் கணக்கை முன்பே போட்டுவிட வேண்டும். எட்டடிக்கு நாலடி ஷீட்டின் அகலம் 1220 மில்லிமீட்டர். அதில் 600 மில்லிமீட்டரில் இரண்டு பட்டை எடுத்து, ஒரு வெட்டுக்கு 2.2 மில்லிமீட்டர் வீதம் இரண்டு வெட்டுக்கும் கழித்தால், மிஞ்சுவது 15.6 மில்லிமீட்டர்தான். ஓரம் சீவ வேண்டியிருந்தால் அதற்குள்ளேயே முடித்தாக வேண்டும்.

வாங்கி மாட்டியவுடன் அளவுகோலை நம்பிவிடக் கூடாது. அளவுகோலின் பூஜ்யம் ரெயில் பட்டையின் சீவிய விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். அதைச் சரிபார்க்க எளிய வழி, 300 என்று வைத்து ஒரு கழிவுப் பலகையை அறுத்து, இரு முனைகளிலும் நடுவிலும் அளப்பதுதான். இரு முனையும் ஒரே மாதிரி 300.8 என்று காட்டினால் இரண்டு அளவுகோலையும் ஒரே அளவு நகர்த்தினால் தீர்ந்தது. ஒரு முனை 300, மறுமுனை 301 என்றால் கைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்படியே விட்டால் ஒவ்வொரு பலகையும் ஆப்பு வடிவில் வரும். அதிலும், அறுத்த ஓரத்தையே அடுத்த வெட்டுக்கு ஆதாரமாக வைப்பதால் ரெயில் ஒவ்வொரு முறையும் மேலும் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்துகொண்டே போகும். வேறு கனமுள்ள பிளேடு மாட்டினாலோ, தேய்ந்த பட்டையை மாற்றினாலோ விளிம்பு இடம் மாறுகிறது. அப்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும். ரெயிலின் அடியிலுள்ள வழுக்காப் பட்டையில் மரத்தூள் படிந்தால் ரெயில் நழுவும் என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கையால் ஒரு முறை துடைத்துவிடுவது நல்லது.

தடுப்புகள் பலகையின் ஓரத்தை இரண்டே இடங்களில்தான் தொடுகின்றன. நடுவில் ஓரம் உள்வாங்கியிருந்தால் கருவிக்குத் தெரியாது. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவாகவும் துண்டு வரும். ஆகவே கடையிலிருந்து வந்த ஷீட்டின் ஓரத்தை முதலில் ரெயிலை வைத்துப் பார்த்து, நேராக இல்லையென்றால் சில மில்லிமீட்டர் சீவிவிட்டுத்தான் கைடைத் தொட வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏறுவதற்காகவும் வளர்க்கும் சில்வர் ஓக்கைப் பலகையாக்கி மேசைக்கும் தட்டுக்கும் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் முக்கியம். மரத்திலிருந்து வந்த பலகைக்கு நேரான ஓரமே கிடையாது. ரெயிலை மட்டும் வைத்து முதல் ஓரத்தை உண்டாக்கிய பிறகே பேரலல் கைடுக்கு வேலை.

குறுகிய துண்டுகளில்தான் பலர் இந்தக் கருவியைக் கைவிடுகிறார்கள். ரெயிலே ஏறக்குறைய 18, 19 சென்டிமீட்டர் அகலம் என்பதால், டிராயர் பக்கத்துக்கு வேண்டிய 10 சென்டிமீட்டர் பட்டையை நேரடியாக அறுக்க முடியாது. தடுப்பு அவ்வளவு அருகில் வராது, ரெயிலும் ஒரு பக்கம் சாயும். இதற்கு எங்கள் பட்டறையில் பின்பற்றும் வழி சுலபமானது. அறுக்கும் பலகையின் அதே கனத்தில், சரியாக 200 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துணைப்பலகை செய்து வைத்திருக்கிறோம். அதை ஷீட்டின் ஓரத்தோடு ஒட்டவைத்து கிளாம்ப் போட்டு, தடுப்பை 300 இல் நிறுத்தித் துணைப்பலகையின் வெளி ஓரத்தைத் தொடவைத்தால் மிஞ்சும் அகலம் சரியாக 100. ரெயிலும் இரண்டு பலகைகளின் மேல் சமமாக அமர்ந்துவிடும்.

வேலை மலைமேல் என்றால் இதன் அருமை இன்னும் கூடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய பட்டறைகளில் உள்ள பேனல் சா மிஷினை அங்கே கொண்டுபோக முடியாது. இங்கேயே எல்லாவற்றையும் அறுத்துக் குட்டி யானையில் ஏற்றினால், பழைய பங்களாச் சுவர்கள் நாம் எடுத்துவந்த அளவோடு ஒத்துப்போவதில்லை. அங்கேயே அளந்து அங்கேயே அறுப்பதுதான் முறை. ஒரு ஷீட் பாழானால் இன்னொரு ஷீட்டுக்காக மலை இறங்கி ஏற வேண்டும். ரெயிலும், ட்ராக் சாவும், இரண்டு கைகளும் ஒரு வண்டியின் ஓரத்தில் அடங்கிவிடும்.

விலைதான் தடை. வெளிநாட்டுப் பேரலல் கைடுகளின் விலை தினக்கூலித் தச்சருக்கு எட்டாதது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் நம் மூத்த தச்சர்கள் ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டத்தை அளவுக்கு அறுத்து வைத்துக்கொண்டு, டேப்பைத் தொடாமலேயே எத்தனையோ கதவுகளுக்குச் சட்டம் கூட்டியவர்கள். அந்த அளவுக்குச்சி இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒரே வெட்டில் ஒரே நீளமாக அறுத்து, ஷீட்டின் ஓரத்துக்கும் ரெயிலுக்கும் நடுவே இரு முனைகளிலும் வைத்தாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். ரெயிலின் அகலத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். மரம் ஈரத்தில் அகலவாட்டில்தான் உப்பும், இழையோட்டத்தின் நீளவாட்டில் மாற்றம் மிகக் குறைவு என்பதால், குச்சியின் நீளம் இழையோட்டத்தோடு இருந்தால் ஏற்காட்டு மூடுபனியிலும் அளவு நிற்கும். நிலையான கருவி வேண்டுவோருக்கு, அலுமினிய ஜன்னல் செய்யும் நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செக்ஷனை அறுத்து, காடியில் நுழையும் நட்டும் கைத்திருகும் வைத்துத் தடுப்போடு செய்து வாங்கலாம். கடினமான வேலை எதுவும் இதில் இல்லை.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மர வேலைக்கும் இடமுண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சமாக 50,000 ரூபாய், மானியமும் தரப்படுகின்றன. இதற்கு விண்ணப்பிக்கும் தச்சர்கள் கருவிப் பட்டியல் எழுதும்போது ட்ராக் சாவை மட்டும் எழுதாமல் ரெயில், பேரலல் கைடு, தூசி உறிஞ்சும் கருவி மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தூசியை நான் சும்மா சேர்க்கவில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. ட்ராக் சாவில் குழாய் மாட்ட வாய் இருந்தும் மாட்டாமல் ஓட்டுவது நம் நுரையீரலுக்கு நாமே செய்யும் கேடு.

வீட்டுக்காரர்களும், சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, பெட்டிப் பலகைகளை எதை வைத்து அறுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவில் பயிலும் மாணவர்களுக்கு மூலைமட்டமும் இழைப்புளியும் கற்பிப்பதோடு, ஒரு முழு ஷீட்டைக் கொடுத்து, டேப்பைத் தொடாமல் ஒரே அகலத்தில் நான்கு பட்டைகள் அறுக்கச் சொல்லி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்கும் ஒரு செய்முறைத் தேர்வையும் வைக்குமாறு, அத்துறை அலுவலர்களைத் தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தச்சுப் பட்டறை உரிமையாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்.