சித்திக்குக் கருத்து இருந்தது

மாதவிடாய் நிற்பதைப் பற்றிக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆய்வாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் எங்கள் தெருவுக்கு இரண்டு மாணவிகள் கணக்கெடுக்க வந்தார்கள். சித்தி திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "மாதவிடாய் நிறுத்தம் விரும்பத்தகாத மாற்றம். ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று வாசித்தார்கள். சித்தி என் முகத்தைப் பார்த்தார். "மாசாமாசம் வர்றது நின்னுச்சே, அதைக் கேக்குறாங்க" என்றேன். அப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.

"நின்னது பெரிய நிம்மதிம்மா. கோயிலுக்குப் போக நாள் எண்ண வேண்டாம். ஆனா ராத்திரி குப்புனு வேர்த்து எழுந்து உட்கார்ந்துடுறேன். தூக்கமே போச்சு."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கருத்து இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

சித்திக்குக் கருத்து இருந்தது, அதுவும் இரண்டு. மனசுக்கு நிம்மதி, உடம்புக்கு அவஸ்தை. இரண்டையும் ஒரே கேள்வியில் அடைத்தால் நடுக்கட்டம்தான் மிஞ்சும். பிள்ளைமேல் தப்பில்லை, தாளில் வேறு இடமே இல்லை.

இந்த அளவீடு புதிதல்ல. 1963இல் உளவியலாளர் பெர்னிஸ் நியூகார்ட்டனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் மாதவிடாய் நிற்பதைப் பற்றி 35 வாக்கியங்கள் கொண்ட பட்டியலை அமெரிக்கப் பெண்களிடம் கொடுத்தார்கள். அதிகம் பயந்தவர்கள் இளம்பெண்கள். கடந்து வந்தவர்கள் அவ்வளவு பயப்படவில்லை. யாரைக் கேட்கிறோம் என்பதே விடையை மாற்றிவிடுகிறது. நம் தேசியக் குடும்பநல ஆய்விலோ பெண்களிடம் கேட்பது 15 முதல் 49 வயது வரைதான். சித்திக்கு 56.

ஊருக்கு ஊரும் மாறும். 1975இல் மானுடவியலாளர் மார்ஷா ஃபிளின்ட் ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு மாதவிடாய் நின்றால் முக்காட்டுக் கட்டுப்பாடு தளரும். அதனால் அதை வரவேற்றார்கள். இன்னொரு மானுடவியலாளர் மார்கரெட் லாக் ஜப்பானில் கேட்டபோது பெண்கள் உடல் கொதிப்பைவிடத் தோள்பட்டை இறுக்கத்தைத்தான் அதிகம் சொன்னார்கள். நம் ஊரில் "சூடு இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். வாய்ப்புண்ணும் சூடுதான், நீர்க்கடுப்பும் சூடுதான். "திடீர்னு முகமெல்லாம் கொதிச்சு வேர்க்குதா?" என்று கேளுங்கள். "தானா நின்னுச்சா, கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களா?" என்பதை முதலிலேயே கேளுங்கள், அவை இரண்டும் வேறு வேறு கதை.

மனசைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுத நாலு வரி இடம் விடுங்கள். மறுபடி வருவதானால் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். சித்திக்கு அப்போதுதான் வேலை ஓயும்.