பாட்டுக்கு இடமில்லாத படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஏ.ஆர்.ரகுமானின் மேல்நாட்டுத் திரையிசையைப் பற்றி எழுதுவோர் பலரும் 2009 பிப்ரவரியில் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக அவர் பெற்ற இரண்டு ஆஸ்கர் விருதுகளோடும், மேடையில் தமிழில் சொன்ன ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்ற சொற்களோடும் நின்றுவிடுகிறார்கள். அந்தப் படம் மும்பையில் நடக்கும் கதை. அவருக்குப் பழகிய களம். என்னைக் கேட்டால், உண்மையான சோதனை அதே இயக்குநர் டேனி பாயில் 2010இல் எடுத்த ‘127 ஹவர்ஸ்’தான்.

யூட்டா மாநிலத்துப் பாறை இடுக்கில் கை சிக்கி, தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்க, தனியே கிடக்கும் ஒருவனின் கதை அது. நம்மூரில் பெரும்பாலும் மெட்டு முதலில் பிறக்கும், படப்பிடிப்பு அதன் பின்னால் போகும்; அங்கேயோ படத்தொகுப்பு முடிந்த காட்சியின் நொடிக்கணக்குக்குள் இசை அடங்கவேண்டும், வசனம் வந்தால் ஒதுங்கவும் வேண்டும். பல்லவி, சரணம் என்று விரிக்கப் பழகிய கை, அந்தப் படத்தில் மின்கிடாரின் சிறு துணுக்குகளைக் கொண்டே பதற்றத்தை ஏற்றியது. அதற்கு 2011இல் இசைக்கும் பாடலுக்குமாக இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. விருது கிடைக்கவில்லை என்பதாலேயே நாம் அதை மறந்துவிட்டோம் போலும்.

ஒரு குறையும் உண்டு. 2014இல் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’, ‘தி ஹண்ட்ரட் ஃபுட் ஜர்னி’ இரண்டிலுமே முக்கியக் கதைமாந்தர்களில் இந்தியர்கள் உண்டு. பீலேயைப் பற்றிய 2016ஆம் ஆண்டுப் படம் போன்றவை இருந்தாலும், இந்திய முகம் திரையில் தெரியும்போதுதான் ஹாலிவுட்டுக்கு அவர் நினைவு அதிகம் வருகிறதோ என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், திருச்சி