கிளப்பைத் தூக்காதீர்கள், தோளைத் திருப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் வந்த கோல்ஃப் குறிப்புகளில், பந்து தூரம் போக வேண்டுமானால் பேக்ஸ்விங்கில் (அடிப்பதற்கு முன் பின்னால் ஓங்கும் அசைவில்) கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, முடிந்தவரை பின்னால் கொண்டுபோக வேண்டும், இடது கை கம்பிபோல விறைத்திருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. புதிதாக ஆடவருபவர்களை இந்த இரண்டு யோசனைகளுமே கெடுக்கும். (வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன்.) ஸ்பெயின் கோல்ஃப் வீரர் ஜான் ராம், ஓங்கலின் உச்சியில் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) தரைக்கு இணையாக வருவதற்கு வெகு முன்பே நிறுத்திவிடுபவர். அந்தக் குட்டை ஸ்விங்கை வைத்துத்தான் 2021இல் யு.எஸ். ஓபனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றார்.

முழு ஸ்விங்கில் தோள் சுமார் 90 பாகை திரும்பும்போது இடுப்பு அதில் பாதி திரும்பினால் போதும். இந்த இடைவெளியில்தான் முறுக்கு இருக்கிறது. கயிற்றின் இரு முனைகளையும் ஒரே பக்கம் சுற்றினால் முறுக்கு ஏறுமா? தோள் நின்ற பிறகும் கிளப் பின்னால் போகிறதென்றால், ஒன்று இடது முழங்கை மடங்குகிறது, அல்லது இடது கையின் கடைசி மூன்று விரல்கள் கிரிப்பில் (கைப்பிடியில்) தளர்கின்றன. தளர்ந்த விரல்கள் இறங்கும்போது மறுபடி இறுகும். அதற்குள் கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்க்கும் திசை மாறியிருக்கும். இடது கையை விறைத்தாலோ தோள்பட்டை இறுகி, சுழற்சியே பாதியில் நின்றுவிடும். கை நீண்டிருக்கட்டும், முழங்கையைப் பூட்ட வேண்டாம்.

உண்மையில் பெரும்பாலான தவறுகள் முதல் அரை மீட்டரிலேயே நடந்துவிடுகின்றன. (வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன்.) மணிக்கட்டால் கிளப்பை வெடுக்கென்று உள்ளே இழுத்தால், அது உடலுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். பிறகு மேலே தூக்குவதைத் தவிர வழியில்லை. இறங்கும்போது வெளியிலிருந்து வெட்டும், பந்து வலப்பக்கம் வளையும். தோள், கை, கிளப் மூன்றும் சேர்ந்து கிளம்ப வேண்டும். ஷாஃப்ட் தரைக்கு இணையாக இடுப்புயரம் வந்ததும் நிறுத்திப் பாருங்கள். பந்துக்குப் பின்னாலிருந்து இலக்கை நோக்கிப் பார்ப்பவருக்கு கிளப்பின் தலை கைகளை மறைத்தாற்போல் தெரிய வேண்டும். கிளப் முகத்தின் கீழ்விளிம்பு முதுகெலும்பின் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும். முகம் வானம் பார்த்தால் திறந்துவிட்டது (இலக்குக்கு வலப்பக்கம் திரும்பிவிட்டது), தரை பார்த்தால் மூடிவிட்டது (இடப்பக்கம் திரும்பிவிட்டது).

அடுத்தது, திரும்புவதாக நினைத்துக்கொண்டு வலப்பக்கம் நகர்வது. வலது இடுப்புக்கு வெளியே நான்கு விரல் தள்ளி ஒரு கம்பியை நட்டுவையுங்கள். பேக்ஸ்விங்கில் இடுப்பு கம்பியில் இடித்தால் நீங்கள் திரும்பவில்லை, சரிகிறீர்கள். எடை வலது பாதத்தின் உட்பக்கம் தங்க வேண்டும். வெளிவிளிம்புக்குப் போனால் நேரத்துக்குத் திரும்பி வராது. தலையை ஆணி அடித்தாற்போல் வைத்திருக்கச் சொல்வதும் தவறு. அப்படிச் செய்பவர்களுக்கு உச்சியில் உடல் இலக்கின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தலை சற்று வலப்பக்கம் போகலாம். இடுப்பு இறுக்கமானவர்கள் இடது குதிகாலைத் தூக்கிக்கொள்ளலாம். 18 மேஜர் (கோல்ஃபின் முதன்மைப் போட்டி) பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லாஸ் தூக்கித்தான் ஆடினார். இடுப்பை அசையாமல் கட்டிவைத்தால் சுமை முழுவதும் கீழ்முதுகில் விழும்.

உச்சியில் இடது மணிக்கட்டைக் கவனியுங்கள். அது புறங்கைப் பக்கம் மடங்கினால் முகம் திறக்கும். கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் ஒரு ஸ்கேலைப் புறங்கைமேல் படும்படி செருகிக்கொண்டு மெதுவாக ஸ்விங் செய்தால், மடங்கும் நொடியிலேயே அது குத்திச் சொல்லிவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் பேக்ஸ்விங்குக்கும் டவுன்ஸ்விங்குக்கும் (உச்சியிலிருந்து பந்தைத் தொடும்வரை இறங்கும் அசைவு) ஆகும் நேரம் ஏறக்குறைய 3:1. நொடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் காணொளியில், மேலே போக 24, பந்தைத் தொட 8 என்ற கணக்கு வரும். ‘மெதுவாகத் தூக்கு’ என்ற அறிவுரையால் இந்த விகிதம் 4:1, 5:1 என்று குலைவதுதான் மிச்சம்.

பழகுவதற்கு டிரைவர் (நீண்ட தூரம் அடிக்கும் கிளப்) வேண்டாம், 7 அயர்ன் (நடுத்தர நீளமுள்ள கிளப்) போதும். இடுப்புயரத்தில் ஒரு நிறுத்தம், இடது கை தரைக்கு இணையாகும்போது ஒரு நிறுத்தம், உச்சியில் ஒரு நிறுத்தம். இப்படி மூன்று ஒத்திகைக்கு ஒரு பந்து. படம் எடுப்பதானால் கேமரா கைகளின் உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். சற்று விலகினாலும் சரியான ஸ்விங் தவறாகத் தெரியும்.

அடுத்த முறை குறிப்புகள் வெளியிடும்போது, உச்சி நிலைப் படத்தோடு கிளப் இடுப்புயரத்தில் நிற்கும் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோல்ஃப் பயிற்சியாளர்