புகை வந்தா உடனே இன்ஜின இறக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல பழைய கார் வச்சிருக்கவங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ஆசையா எடுத்து படிச்சேன், ஆனா சைலன்சர்ல புகை வந்தா இன்ஜின் போச்சு, செலவு பண்ணாம வித்துடுறது நல்லதுன்னு ரெண்டே வரில முடிச்சுட்டாங்க. படிச்சதும் மனசு கேக்கல. அதை நம்பி எத்தன பேரு நல்ல இன்ஜின பிரிச்சு போடுவாங்க, எத்தன பேரு அடிமாட்டு விலைக்கு தள்ளிவிடுவாங்கன்னு நெனச்சா கஷ்டமா இருக்கு, அதனால தான் இந்த லெட்டர். நீளமா இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்கிட்ட இருக்கிறது 1998 மாருதி 800, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற பாகம்) வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர். எங்கப்பா புதுசா எடுத்தது. 2019ல ஒரு நாள் காலைல ஸ்டார்ட் பண்ணப்போ பின்னாடி நீல புகை குபுக்குன்னு வந்துச்சு, ஒரு நிமிஷத்துல நின்னுடுச்சு. தினமும் இதே கதை. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், பேரு வேணாம்ங்க. அவங்க பானெட்ட கூட சரியா தொறந்து பாக்கல, ஆக்சிலரேட்டர ரெண்டு தடவ மிதிச்சுட்டு "ரிங் போச்சு சார், ரீபோர் பண்ணணும்"னு சொல்லிட்டாங்க. ரிங்னா பிஸ்டன சுத்தி இருக்கிற வளையம், ஆயில் மேல ஏறாம தடுக்குறது, ரீபோர்னா இன்ஜின பிரிச்சு சிலிண்டர கடையுறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள எவ்ளோ அழுத்தம் நிக்குதுன்னு செக் பண்ணவே இல்ல. நானும் சரின்னு தலையாட்டிட்டேன், இருபத்தெட்டாயிரம் ஆச்சு, வண்டி பதினெட்டு நாள் அங்கயே கெடந்துச்சு. எடுத்துட்டு வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, காலைல அதே நீல புகை.

அப்பறம் சேலத்துல குகைங்கற ஏரியா பக்கம் ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் இருக்காருன்னு சொன்னாங்க, அவருகிட்ட போனேன். அவரு ஒண்ணுமே பிரிக்கல. ராத்திரி வண்டிய அங்கயே விட்டுட்டு போங்க தம்பி, காலைல ஏழு மணிக்கு வாங்க, நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. காலைல போனதும் ஒரு வெள்ளத்துணிய சைலன்சர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி புடிச்சுக்கிட்டு என்னை ஸ்டார்ட் பண்ண சொன்னாரு. துணில பொட்டுப் பொட்டா பழுப்பு கலர்ல கறை. வெரல வச்சு தேச்சு காட்டுனாரு, எண்ணெ பிசுபிசுப்பு. தண்ணியா இருந்தா காஞ்சு போயிருக்கும் தம்பி, இது ஆயிலுன்னாரு. அப்பறம் மூணு ஸ்பார்க் ப்ளக்கையும் கழட்டி வரிசையா ஒரு பேப்பர் மேல வச்சாரு. ரெண்டு ப்ளக் பிஸ்கட் கலர்ல நல்லா காஞ்சு இருந்துச்சு, மூணாவது மட்டும் கருப்பா ஈரமா ஆயில்ல குளிச்ச மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்பறம் தான் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி பாத்தாரு. மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுச்சு. ரிங் போயிருந்தா ஏதாவது ஒண்ணாவது கம்மியா காட்டணும். அப்படி ஒண்ணு கம்மியா வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். ப்ளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுட்டு திரும்ப கேஜ் வைக்கணும், அளவு ஏறுனா ரிங் தேஞ்சிருக்கு, ஏறவே இல்லன்னா வால்வு சரியா ஒக்காரல இல்லன்னா இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கு அடில இருக்கிற கேஸ்கெட் லீக்குன்னு சொன்னாரு. இந்த ஒரு டெஸ்ட்டுக்கு அரை மணி நேரம் கூட ஆகாதுங்க. அந்த அரை மணி நேரத்த முதல் ஒர்க்‌ஷாப் செலவு பண்ணியிருந்தா எனக்கு இருபத்தெட்டாயிரம் மிஞ்சியிருக்கும்.

கடைசில கோளாறு வால்வ் சீல், மேல இருக்கிற ஆயில் வால்வு தண்டு வழியா சிலிண்டருக்குள்ள எறங்காம தடுக்குறது. ஒரு வால்வுக்கு ஒண்ணுன்னு மொத்தம் ஆறு சீல், சின்ன ரப்பர் தொப்பி மாதிரி இருக்கும். ஹெட்டக் கூட இறக்காம ப்ளக் ஓட்டை வழியா காத்து ஏத்தி வால்வு கீழ எறங்காம புடிச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா மாத்துனாரு. பழைய சீல என் கைல குடுத்து அமுக்கி பாக்க சொன்னாரு. ரப்பர் மாதிரியே இல்ல, காஞ்ச பிளாஸ்டிக் மாதிரி இருந்துச்சு, ரெண்டு வெரலுக்கு நடுவுல வச்சு அமுக்குனதும் டக்குன்னு ஒடஞ்சுடுச்சு. அதாவது மொதல்ல இன்ஜின பிரிச்சவங்க புது ரிங் போட்டுட்டு பழைய சீலையே திரும்ப மாட்டியிருக்காங்க. சீல் செட்டு, டேப்பெட் கவர் கேஸ்கெட், கூலி எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

அன்னிக்கு அவரு சொன்னதுல நான் மறக்காதது, புகை என்ன கலர்னு பாக்குறத விட எப்ப வருதுன்னு பாருங்கன்னு சொன்னது தான். ராத்திரி முழுக்க நின்ன வண்டில, மேல இருக்கிற ஆயில் காஞ்ச சீல் வழியா சொட்டு சொட்டா கீழ எறங்கி நிக்கும், காலைல ஸ்டார்ட் பண்ணதும் அது எரிஞ்சு நீலமா ஒரு குபுக், அவ்ளோ தான், அப்பறம் சுத்தமாயிடும். இன்னொரு எடம், எங்க ஊர்ல ஏற்காடு மலைப்பாதை இருக்கே, இருபது ஊசி வளைவு, அதுல எறங்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு செகண்ட் கியர்ல இன்ஜின் பிடிப்புலயே வருவோம்ல, அப்ப உள்ள இழுவை அதிகமாகி சீல் வழியா ஆயில உறிஞ்சிடும், அடிவாரத்துல வந்து ஆக்சிலரேட்டர மிதிச்சா பின்னாடி வர்றவன் கண்ணே தெரியாத அளவுக்கு ஒரு மேகம். இதுவும் பெரும்பாலும் சீலு, இல்லன்னா வால்வு தண்டு ஓடுற கைடு தேய்மானம். அதே மலைல ஏறும்போது, லோடுல இழுக்க இழுக்க விடாம நீலமா வந்துக்கிட்டே இருக்குன்னா, பிக்கப்பும் கொறஞ்சிருக்குன்னா, ஆயில் ஊத்துற ஃபில்லர் மூடிய தொறந்தா புசு புசுன்னு காத்து தள்ளுதுன்னா, அப்ப தான் ரிங் பக்கம் சந்தேகப்படணும்.

அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. இன்ஜினுக்குள்ள சேர்ற காத்த வெளிய விடுற ப்ரீத்தர் குழாயும் பிசிவி வால்வும் அழுக்கு அடைச்சிருந்தா உள்ள இருக்கிற காத்து வெளிய போக வழி இல்லாம அழுத்தம் ஏறி நல்ல ரிங், நல்ல சீல் வழியாவே ஆயில தள்ளும். பாக்குறதுக்கு ரிங் போன மாதிரியே இருக்கும். அதனால அந்த குழாய கழட்டி சுத்தம் பண்ணி ஓட்டிப் பாக்காம யாரும் இன்ஜின இறக்க ஒத்துக்காதீங்க.

வெள்ள புகைய பாத்து பயந்துடுறவங்க நெறய பேரு. மார்கழி காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளையா ஆவி வர்றதும் சைலன்சர் நுனில தண்ணி சொட்டுறதும் சாதாரணம், பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் சேந்து தான் வரும், சைலன்சர் சூடானதும் காணாம போயிடும். வண்டி நல்லா சூடான பிறகும் கெட்டியா வெள்ளையா வந்துக்கிட்டே இருக்கு, ஒரு இனிப்பு வாடை அடிக்குது, ரேடியேட்டர்ல கூலண்ட் கொறஞ்சுக்கிட்டே போகுது, ஆனா கீழ எங்கயும் ஒழுகலன்னா அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். அந்த மாதிரி நேரத்துல ஆயில் அளவு பாக்குற ஸ்டிக்க உருவி பாருங்க, ஆயில் மோர் கலக்குன காப்பி மாதிரி இருந்தா அந்த எடத்துலயே வண்டிய நிறுத்திடணும், ஒரு கிலோமீட்டர் தானேன்னு ஓட்டுனா பேரிங்கும் சேந்து போயிடும். ஃபில்லர் மூடிக்கு அடில மட்டும் கொஞ்சம் வெண்ணெ மாதிரி ஒட்டியிருந்தா அது பக்கத்து கடைக்கு மட்டுமே ஓட்டுற வண்டில ஈரம் சேந்து வர்றதாவும் இருக்கலாம், ஒரு நாள் நல்லா சூடாகுற மாதிரி தூரமா ஓட்டிட்டு திரும்ப பாருங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறக்கவே தொறக்காதீங்க, தெரிஞ்சவரு ஒருத்தருக்கு கை வெந்து போனத பாத்திருக்கேன்.

கருப்பு புகைன்னா ஆயில் இல்ல, பெட்ரோல் அதிகமா போகுதுன்னு அர்த்தம். கார்பரேட்டர் வண்டில, குளிர்ல ஸ்டார்ட் பண்ண பெட்ரோல கூட்டி விடுற சோக்க இழுத்துட்டு உள்ள தள்ள மறந்திருப்போம், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் அளவ காக்குற ஃப்ளோட் (மிதவை) கோளாறா இருக்கும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம்ங்கறதால அங்க காத்து லேசு, கார்பரேட்டருக்கு அது தெரியாது, அதே பெட்ரோல தான் விடும், அதனால மேல போனா கொஞ்சம் கருக்கும், கீழ வந்தா சரியாயிடும்.

இப்ப ஆயில் விஷயம். நான் பாத்த வரைக்கும் பழைய வண்டில பாதி கோளாறு இங்க தான் ஆரம்பிக்குது. கம்மியா ஊத்துனா கெட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதிகமா ஊத்துனாலும் கெட்டதுன்னு நெறய பேருக்கு தெரியாது. என் வண்டிக்கு ஃபில்டரோட சேத்து சுமார் மூணு லிட்டர் தான் புடிக்கும், கடைல மூணரை லிட்டர் டப்பா வாங்குனா மிச்சம் எதுக்குன்னு மொத்தத்தையும் கவுத்துடுறாங்க. லெவல் ஏறுனா இன்ஜின் அடில இருக்கிற கிராங்க் தண்டு சுத்தும்போது ஆயில அடிச்சு நுரையாக்கிடும், ப்ரீத்தர் வழியா தள்ளும், நீல புகை வரும், நல்ல இன்ஜினுக்கு அப்பவும் ரிங் போச்சும்பாங்க. அதனால புகை வந்தா மொதல்ல பாக்க வேண்டியது ஆயில் ஸ்டிக். சமமான தரைல நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விட்டு, ஸ்டிக்க உருவி தொடச்சு, திரும்ப முழுசா சொருகி எடுத்து பாக்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல, மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழ இருந்தா போதும்.

நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாத்து ஒரு பழைய டைரில கிலோமீட்டரோட எழுதி வைக்கிறேன். எழுதி வச்சா தான் எவ்ளோ குடிக்குதுன்னு தெரியும். ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு கால் லிட்டர் கொறஞ்சா இருபத்தஞ்சு வருஷத்து வண்டிக்கு அது ஒண்ணுமே இல்ல, டாப் அப் பண்ணிட்டு ஓட்டலாம். ஆயிரத்துக்கே ஒரு லிட்டர் போகுதுன்னா வேலை வந்துடுச்சு. மாத்துறத பொறுத்தவரை ஐயாயிரம் கிலோமீட்டர் இல்லன்னா ஆறு மாசம், எது முன்னாடி வருதோ அப்ப ஃபில்டரோட சேத்து மாத்திடுவேன். ஓடவே இல்ல, எதுக்கு மாத்தணும்னு வீட்ல கேப்பாங்க, கொஞ்ச தூரம் மட்டும் ஓடுற வண்டில தான் பெட்ரோலும் ஈரமும் ஆயில்ல சேந்து சீக்கிரம் கெடும்.

கிரேடு பத்தியும் சொல்லிடுறேன். 20டபிள்யூ-40ன்னா முன்னாடி நம்பர் குளிர்ல எவ்ளோ சுலபமா ஓடும்ங்கறது, பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்டுல எவ்ளோ கெட்டியா நிக்கும்ங்கறது. சேலத்து வெயிலுக்கு நான் இது தான் ஊத்துறேன். புகைய மறைக்கணும்னே விக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப கெட்டி ஆயில ஊத்தி வைக்கிறவங்க இருக்காங்க, அதனால பழைய வண்டி வாங்க போறவங்க காலைலயே போங்க, மொதல்ல பானெட்ட தொட்டு பாருங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி புகைய வெளியேத்திட்டாங்கன்னு அர்த்தம்.

இன்னொன்னு, டேஷ்போர்டுல எரியிற செவப்பு ஆயில் லைட்ட ஆயில் மாத்த சொல்ற லைட்டுன்னு நெனச்சு வீடு வரைக்கும் ஓட்டுறாங்க. அது அளவு காட்டுற லைட்டு இல்லீங்க, ஆயில் பிரஷர் விழுந்துடுச்சுன்னு சொல்ற லைட்டு. எரிஞ்சா ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிடணும். அதே மாதிரி ஷட்டர் மூடுன ஷெட்டுக்குள்ள வண்டிய ஓட விட்டு புகைய பாக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு கலரும் இல்ல வாடையும் இல்ல, ஆளையே கொன்னுடும்.

புகை சர்டிஃபிகேட் இருக்கே, அப்ப இன்ஜின் நல்லா தானே இருக்கும்னும் கேக்குறாங்க. என் வண்டி மாதிரி பழைய பெட்ரோல் கார ஐடிலிங்ல, அதாவது நின்ன எடத்துல சும்மா ஓட விட்டு, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் (எரியாத பெட்ரோல்) தான் அளக்குறாங்க, மொதலுக்கு 3 சதவீதம், ரெண்டாவதுக்கு 1500 பிபிஎம் (பத்து லட்சத்துல 1500 பங்கு) வரைக்கும் விடுறாங்க. காலைல ஒரு நிமிஷம் நீலமா ஊதிட்டு மத்தியானம் சூடா போய் நின்னா தாராளமா பாஸ் ஆயிடும். எனக்கே அப்படி ரெண்டு தடவ பாஸ் ஆச்சு. புகை சர்டிஃபிகேட் கட்டாயம் வேணும், ஆனா அத வச்சு இன்ஜின எடை போட முடியாது.

கழிவு ஆயில் பத்தி உங்க பக்கத்துல ஒரு வரி கூட இல்லாதது தான் ரொம்ப வருத்தம். மத்திய அரசோட 2016 அபாயக் கழிவு விதிப்படியே அது அபாயக் கழிவு. வீட்லயே ஆயில் மாத்துறவங்க சாக்கடைல ஊத்திடுறாங்க, எங்க ஊர்ல அது கடைசில போய் சேர்றது திருமணிமுத்தாறுங்கற ஆத்துல. ஏற்கனவே அந்த ஆறு படுற பாடு போதும்ங்க. பழைய டப்பாவுலயே ஊத்தி மூடி, கழிவு ஆயில சேத்து ரீசைக்கிள் பண்றவங்களுக்கு குடுக்குற ஒர்க்‌ஷாப்பா பாத்து குடுத்துடுங்க. நான் அப்படி தான் பண்றேன்.

பழைய வண்டி வச்சிருக்க எல்லாரும் ஆசைக்கு வச்சிருக்கல, புதுசு வாங்க முடியாம தான் வச்சிருக்கோம். 2023ல ஆர்சி புதுப்பிக்கவே ஐயாயிரம் கட்டுனேன், பசுமை வரி தனி. இவ்ளோ கட்டி ஓட்டுறவங்களுக்கு தெரிஞ்ச மெக்கானிக் யாராவது ஒருத்தர வச்சு மாசத்துக்கு ஒரு தடவ அரைப் பக்கமாவது எழுத சொல்லுங்க ஐயா. மொத வாரம் கம்ப்ரஷன் டெஸ்ட் பத்தி படத்தோட போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
பழைய மாருதி 800 வச்சிருக்க ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.